1991 எம்எக்ஸ்-5: 9 வருஷ அனுபவமும், ஆறு மாசம் படுத்தின ஒரு ஃப்யூவல் பிரச்சனையும்

என்கிட்ட இருக்கறது 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மஸ்தா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை, ஜப்பான்ல அத அந்தப் பேர்லதான் வித்தாங்க. 1.6 இன்ஜின், எடை சுமார் 940 கிலோதான். ஜப்பான்லேர்ந்து இறக்குமதியான வண்டி, இங்க இங்கிலாந்துல செகண்ட் ஹேண்டா வாங்கி 9 வருஷம் ஆச்சு. இந்த வண்டி மேல எனக்கு ரொம்பப் பாசம், கியர் மாத்தறப்ப கைக்கு வர்ற அந்த ஃபீல் இன்னிக்கும் அலுக்கல. முதல் ஏழரை வருஷம் ஆயில், பெல்ட், பிரேக் தவிர பெருசா எதுவும் கேக்கல, அதனாலதான் பிரச்சனை வந்தப்ப அத்தனை கலங்கிட்டேன்.

ரெண்டு விஷயம் ஒரே சமயத்துல ஆரம்பிச்சுது. காலைல ஸ்டார்ட் பண்ண 4, 5 செகண்ட் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்துச்சு, முன்னாடி சாவி திருப்பின உடனே பிடிச்சிடும். இன்னொன்னு, வேல்ஸ் பக்கம் மலை ரோட்ல மூணாவது கியர்ல முழுசா ஆக்சிலரேட்டர் மிதிச்சா 4500 ஆர்பிஎம் தாண்டினதும் யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுக்கற மாதிரி வண்டி தேங்கும், காலை எடுத்துட்டு மறுபடி மெதுவா மிதிச்சா ஒழுங்கா போகும்.

ஒரு கராஜ்ல காட்டினேன், பழைய வண்டி, இக்னிஷனாதான் இருக்கும்னாங்க. ப்ளக், ப்ளக் வயர், காயில் பேக் எல்லாம் மாத்தியாச்சு, 300 பவுண்டு கிட்ட போச்சு, துளி மாற்றம் இல்ல. யாரும் எதையும் அளந்து பாக்கல, அதுதான் இன்னிக்கும் எனக்கு வருத்தம். இந்த வண்டில ஓபிடி-2 சாக்கெட், அதாவது ஸ்கேனர் மாட்டிப் பழுத படிக்கற சாக்கெட் கிடையாது, போனட்டுக்கு அடில இருக்கற டயக்னாசிஸ் பெட்டில டிஇஎன், ஜிஎன்டின்னு போட்டிருக்கற ரெண்டு முனையையும் ஒரு வயரால சேத்தா லைட் மினுக்கி கோட் சொல்லும், ஆனா அது சென்சார் பழுதத்தான் சொல்லும், பெட்ரோல் பிரஷர் கம்மியா இருந்தா அதுக்குத் தெரியாது, என் வண்டிலயும் ஒரு கோடும் வரல.

அதுக்கப்புறம்தான் நானே ஒரு ஃப்யூவல் பிரஷர் கேஜ் வாங்கினேன், 25 பவுண்டு. இன்ஜின் ஓடறப்பவே பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் விடற ரிலேவ கழட்டிட்டா லைன்ல இருக்கற பெட்ரோல் தீர்ந்து தானா நின்னுடும், அப்புறம்தான் ஹோஸ்ல கை வைக்கணும், இன்ஜின் ஆறியிருக்கணும், பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும், இதுல அவசரமே கூடாது. ஐடில்ல, அதாவது வண்டி நின்ன இடத்துல சும்மா ஓடறப்ப, பிரஷர் 32 பிஎஸ்ஐ. பெட்ரோல் பிரஷர கட்டுப்படுத்தற ரெகுலேட்டர்லேர்ந்து வேக்குவம் ஹோஸ உருவினேன், 40க்கு ஏறுச்சு. ரெண்டுமே சரியான அளவுதான், அதாவது ரெகுலேட்டர் வேலை செய்யுது. நின்ன இடத்துல பாத்தா வண்டில ஒரு குறையும் இல்ல!

சரி, தேங்கறது ஓடறப்பதானே, ஓடறப்பவே பாப்போம்னு கேஜ் ஹோஸ போனட் ஓரமா வெளிய எடுத்து, கேஜ கண்ணாடிக்கு வெளிப்புறம் வைப்பர் பக்கம் டேப் போட்டு ஒட்டினேன் (பெட்ரோல் இருக்கற ஹோஸ எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குள்ள கொண்டு வராதீங்க). நான் ஓட்ட, என் மனைவி பக்கத்துல உக்காந்து படிச்சாங்க, "38... 36... ஏங்க எறங்குதுங்க, 29... 22ங்க!" அந்த 22ல வண்டி தேங்குது. அத்தனை மாசக் குழப்பம் அந்த ஒரு மேட்டுல தெளிஞ்சுது, இன்ஜின் கேக்கற நேரத்துல பெட்ரோல் வந்து சேரல.

முதல்ல ஃபில்டர், பின் வலது சக்கரத்துக்குப் பக்கத்துல அடில இருக்கும். பழச கவுத்தா கருப்பா, துரு கலந்து ஊத்துச்சு, இதுதான்னு நெனச்சேன், ஆனா புதுசு போட்டும் 22 வந்து 25 ஆச்சு, அவ்ளோதான். அடுத்து கரண்ட். இன்ஜின் ஓடறப்ப பம்ப் கனெக்டர்ல வோல்ட் அளந்தேன், 13க்கு மேல இருந்துச்சு, எர்த்தும் சுத்தம், ஆக வயரிங் இல்ல.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கேஜையே பாத்துட்டு இருக்கணும், 5 நிமிஷம் ஆனாலும் 21 பிஎஸ்ஐக்குக் கீழ போகக் கூடாது. என்னுது ஒரே நிமிஷத்துல ஜீரோ. இப்ப கேஜுக்கும் டேங்குக்கும் நடுவுல வர்ற ஹோஸ ஹோஸ் க்ளாம்ப் போட்டு நெருக்கிட்டு மறுபடி பாத்தேன், முள்ளு அசையல. அப்ப இன்ஜினுக்குள்ள பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டர் ஒழுகல, ரெகுலேட்டர் ஒழுகல, கசிவு டேங்க் பக்கம். ஆனா தரைல ஒரு சொட்டு இல்ல, வாசனை இல்ல. அப்படின்னா டேங்குக்கு உள்ளயே கசியுது! காலைல லேட்டா ஸ்டார்ட் ஆனதுக்கும் இதுதான் காரணம், இந்த 1.6ல சாவிய ஆன் பண்ணா பம்ப் ஓடாது, செல்ஃப் அடிச்சாதான் ஓடும், லைன் காலியா இருந்தா அது நெறையற வரைக்கும் அடிச்சிட்டே இருக்கணும். அப்புறம் பம்ப ஓட விடறது ஏர்ஃப்ளோ மீட்டர்ல, அதாவது இன்ஜினுக்குள்ள போற காத்த அளக்கற கருவில இருக்கற தகடு, காத்து உள்ள போய் அது அசைஞ்சாதான் ரிலே பிடிச்சு நிக்கும், அதனால ஸ்டார்ட் ஆகி சாவிய விட்டதும் நின்னு போற 1.6 உங்ககிட்ட இருந்தா பம்ப சந்தேகப்படறதுக்கு முன்னாடி அந்தத் தகட்ட பாருங்க.

டேங்க் சீட்டுக்குப் பின்னாடி, கார்பெட்ட எடுத்தா மேல ஒரு தகடு மூடி. பேட்டரிய கழட்டி, கதவு ரெண்டையும் தெறந்து வச்சு பம்ப் அசெம்பிளிய தூக்கினேன். பம்புக்கும் மேல போற இரும்புக் குழாய்க்கும் நடுவுல விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ், அது ஊதி, மெத்துன்னு ஆகி, ஒரு பக்கம் நீளமா வெடிச்சிருந்துச்சு. ஐடில்ல இன்ஜின் குடிக்கறது கொஞ்சம்தான், கசிஞ்சாலும் பம்ப் ஈடு கட்டிடும், முழு லோட்ல அது முடியாது. எனக்கு முன்னாடி யாரோ பம்ப் மாத்தறப்ப சாதாரண ஃப்யூவல் ஹோஸ போட்டிருக்காங்க, அந்த ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோல தாங்கும், வெளிப்பக்கமும் பெட்ரோல்லயே மூழ்கிக் கெடந்தா கரைஞ்சு போகும். டேங்குக்குள்ள போடறதுக்குன்னே 30ஆர்10னு அச்சடிச்ச ஹோஸ் தனியா வருது. ஒரு சின்னத் துண்டு 12 பவுண்டு, ரெண்டு க்ளிப், பம்ப் அடில இருக்கற சல்லடையும் புதுசு. பம்ப் பழசுதான், அத மாத்தவே இல்ல.

அதே மேடு, அதே கியர், முள்ளு 39லயே நின்னுச்சு. மனைவி "எறங்கவே இல்லங்க"ன்னு சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்கப்புறம் ஒரு வருஷம், 6000 மைல் ஓடியாச்சு. 2021 செப்டம்பர்லேர்ந்து இங்க சாதாரண பெட்ரோல் இ10 ஆயிடுச்சு, 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கும், பழைய ரப்பருக்கு அது ஆகாதுன்னு நான் காசு கூட ஆனாலும் சூப்பர், அதாவது எத்தனால் கம்மியா இருக்கற இ5தான் போடறேன். இந்தக் குளிர்காலத்துல போனட்டுக்கு அடில இருக்கற ஃப்யூவல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்தப் போறேன், விரலால அமுக்கினா மேல மெல்லிசா வெடிப்பு தெரியுது, சூடான இன்ஜினுக்கு அத்தனை பக்கத்துல அத அப்படியே விட்டு வைக்க எனக்கு மனசில்ல.