கல் சுவரைப் பிரிக்க ஆள் விடுகிறீர்களா? அன்றைக்கு வீட்டில் இருங்கள்

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயர் பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டத்து எல்லையில் சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மணற்கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர் இருக்கும். எங்களுடையது ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. "பிரித்து, இதே கல்லை வைத்துத் திரும்பக் கட்டித் தருகிறேன்" என்று தோட்ட வேலை எடுத்துச் செய்யும் ஒரு லேண்ட்ஸ்கேப்பிங்காரர் வந்தார். மீட்டருக்கு இவ்வளவு என்று பேசி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார். இன்று சுவர் முன்பைவிட மோசமாக உப்பி நிற்கிறது. நல்ல கற்களில் பலவற்றைக் காணவும் இல்லை.

இந்த வேலையில் ஏமாற்று தொடங்குவது கட்டும்போது அல்ல, பிரிக்கும்போதே. தொழில் தெரிந்தவர் சுவரை இடிக்க மாட்டார், மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவார். உச்சியில் வரிசையாக நிற்கும் கோப் கற்கள் முதலில் இறங்கும், கடைசியில்தான் திரும்ப ஏறும். அதனால் அவற்றைத் தூரமாக வைப்பார். பெரிய அடிக்கற்கள் சுவருக்குப் பக்கத்திலேயே கிடக்கும், நடுவில் ஆள் நடக்க வழி இருக்கும். சுவரின் இரண்டு பக்க முகத்தையும் இணைத்துக் குறுக்கே கிடக்கும் நீளமான 'த்ரூ' கற்கள் தனி. அரை மீட்டர் உயரத்தில், மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் அவை இருக்கும். சுவரைப் பிடித்து நிறுத்துவதே அவைதான். உள்ளே அடைக்கும் சில்லுக்கல்லுக்கு 'ஹார்ட்டிங்' என்று பெயர். அதில் மண் கலக்காமல் தனிக் குவியலாக வைப்பார்கள். இந்தப் பிரிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் கல் வரும் சுவரில், குவியலுக்குள் கல் தேடிக்கொண்டிருந்தால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

எங்கள் லேண்ட்ஸ்கேப்பிங்காரர் மினி டிகரை, அதாவது மண் தோண்டும் சின்ன இயந்திரத்தை, கொண்டுவந்து ஒரே தள்ளாகத் தள்ளினார். கல், மண், வேர் எல்லாம் ஒரே குவியல். "உடைந்தது, உதவாதது" என்று சொல்லி டிரெய்லரில் ஏற்றிப் போனார். போனவை பெரும்பாலும் கோப் கற்களும் த்ரூ கற்களும். பாசி படர்ந்த பழைய கல்லுக்குப் பழைய கட்டடப் பொருள் விற்கும் யார்டுகளில் நல்ல விலை. உதவாத கல்லைத்தான் அவ்வளவு அக்கறையாகப் போர்வை விரித்து அடுக்கினாராக்கும்!

மிச்சத்தில் கட்டியதும் கண்ணுக்கு லட்சணமாகவே இருந்தது, நூல் பிடித்த மாதிரி. விஷயம் உள்ளே. கல்லின் நீளப்பக்கம் சுவருக்குள் போக வேண்டும். இவர் நீளத்தை வெளிமுகத்தில் காட்டி வைத்திருந்தார். கல் குறைவாகப் பிடிக்கும், மீட்டர் சீக்கிரம் ஏறும். நடுவில் ஹார்ட்டிங்குக்குப் பதில் மண்ணும் ஜல்லியும். மழைநீர் வடியாமல் மண்ணில் தங்கி, குளிரில் உறைந்து விரிந்து, இரண்டு முகத்தையும் வெளியே தள்ளிவிட்டது. பிடித்துவைக்கத்தான் த்ரூ கல் இல்லையே.

அப்புறம் வந்து பார்த்த சுவர்க்காரர், மேலே இரண்டு வரியை எடுத்துவிட்டு, "மறுபடி பிரிக்க வேண்டியதுதான்" என்றார். காணாமல் போன கல்லுக்கு நிறம் பொருந்தும் கல் தனியாக வாங்க வேண்டுமாம்.

டிரை ஸ்டோன் வாலிங் அசோசியேஷன் என்று 1968 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது. நான்கு நிலைகளில் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆள் பேசும்போது எந்த நிலை என்று கேளுங்கள். பிரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், கோப் கற்களை எண்ணி வையுங்கள். எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வெளியே போகக் கூடாது என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். டிகர் வந்து நின்றால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சரியில்லாத வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்கலாம், முடியாவிட்டால் பணத்தைக் குறைக்கச் சொல்லலாம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை ஸ்மால் கிளெய்ம்ஸில், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்ற வழியில், வழக்குப் போடலாம். எங்கள் நோட்டீஸ் போய்விட்டது, பதில் இல்லை. படங்கள் கையில் இருப்பதால் அடுத்து வழக்குதான்.