நிறத்தை நம்பாமல் நாவை நம்பக் கற்றுத்தரும் வகுப்பு

சிவப்பு வைன் வகைகளைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கான தொடக்கநிலைச் சுவைப் பயிற்சி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் நாடுவாரியாகவோ திராட்சை வாரியாகவோ பாடத்தைப் பிரித்துக்கொள்கின்றன. பெயர்கள் மனப்பாடமாகுமே தவிர, கோப்பையில் இருப்பது ஏன் அப்படிச் சுவைக்கிறது என்பது கடைசிவரை விளங்காது. இந்த வகுப்பு புளிப்பு, துவர்ப்பு, ஆல்கஹாலின் சூடு, வாயில் உணரும் கனம் ஆகிய நான்கையும் முதலில் நாவுக்குப் பழக்கிவிட்டு, அதன் பிறகே ஊர்ப் பெயர்களுக்கும் திராட்சைப் பெயர்களுக்கும் வருகிறது. அந்த வரிசைக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பெரும்பாலான கருந்திராட்சைகளின் சதைக்கு நிறமே கிடையாது என்பதிலிருந்து பாடம் தொடங்குகிறது. வைனின் சிவப்பு முழுவதும் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமிகளிலிருந்து வருகிறது. துவர்ப்பைத் தரும் டானின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், சில சமயம் காம்பிலிருந்தும் இறங்குகிறது. ஆகவே, சாறு தோலோடு எத்தனை நாள் ஊறுகிறது, எவ்வளவு சூட்டில் நொதிக்கிறது என்பவையே வைனின் உடற்கட்டைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. டானினை அடையாளம் காண, அதிக நேரம் ஊறவிட்ட பால் கலக்காத தேநீரை நினைத்துக்கொள்ளச் சொன்னார் பயிற்றுநர். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும் அந்த உணர்வை ஒருமுறை கவனித்துவிட்டால், பிறகு அதைப் புளிப்போடு குழப்பிக்கொள்ள மாட்டோம். புளிப்பு வாயில் நீர் ஊறச் செய்யும், துவர்ப்பு அதை வற்றச் செய்யும்.

வகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது, இத்தாலியின் பரோலோ என்னும் வைனையும் அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் விளைந்த மால்பெக் திராட்சையின் வைனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அமர்வுதான். நெபியோலோ திராட்சையில் செய்த பரோலோ, கோப்பையைக் குறிப்புத்தாளின் மேல் சாய்த்துப் பிடித்தால் கீழே உள்ள எழுத்துகளைப் படிக்கும் அளவுக்கு வெளிறிய நிறம். விளிம்பில் செங்கல் சாயலும் தெரிந்தது. மால்பெக்கோ மை போலக் கருத்திருந்தது. எது வாயில் கடுமையாக இருக்கும் என்று சுவைப்பதற்கு முன் கேட்டபோது பெரும்பாலோர் மால்பெக்கையே காட்டினார்கள். ஆனால் மால்பெக் மெத்தென்று வழுக்கிக்கொண்டு போனது. வெளிறிய பரோலோதான் ஈறுகளைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அடர்ந்த நிறம் என்றால் திடமான வைன் என்ற பரவலான நம்பிக்கை அந்த இரண்டு மடக்குகளிலேயே விழுந்துவிட்டது. பரோலோவைக் குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரத்தில், முதிரவைத்த பிறகே விற்க வேண்டும் என்று விதி இருப்பதன் காரணமும் அப்போது தானாகவே புரிகிறது.

அடுத்து, ஒரே திராட்சை இரண்டு தட்பவெப்பத்தில் எப்படி மாறுகிறது என்பதற்கு, பிரான்சின் வடக்கு ரோன் பகுதியின் சிராவையும், அதே திராட்சையை ஷிராஸ் என்று அழைக்கும் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு ஷிராஸையும் தந்தார்கள். முன்னதில் புளிப்பும் மிளகு மணமும் முன்னே நின்றன. பின்னதில் நன்கு கனிந்த பழமும் ஆல்கஹாலின் சூடும். அந்த மிளகு மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியாது என்பதையும் பயிற்றுநர் சொன்னதும், அதுவரை மிளகைத் தேடிக் களைத்திருந்த சிலர் முகம் தெளிந்தது. ஒவ்வொருவர் மூக்கும் வேறு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடும் வகுப்புகள் குறைவு.

ஓக் மரப்பீப்பாயைப் பற்றிய பகுதி இந்த அளவுக்கு இல்லை. ஸ்பெயினின் ரியோகா பகுதிச் சிவப்பு வைன் புட்டியில் ‘ரிசர்வா’ என்று எழுத மொத்தம் மூன்று ஆண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயிலும் இருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னார்கள். அமெரிக்க ஓக் வெனிலா, தேங்காய் வாசனைகளைக் கூடுதலாகத் தரும் என்றும் சொன்னார்கள். ஆனால் ரியோகாவின் முக்கியத் திராட்சையான டெம்ப்ரனில்லோவில் செய்த, மரம் படாத இளம் வைன் ஒன்றை அருகில் வைக்காததால், மரம் எங்கே தொடங்குகிறது, பழம் எங்கே முடிகிறது என்பதை நாவால் பிரிக்க வழியில்லாமல் போனது. மற்ற அமர்வுகளை இணை இணையாக இவ்வளவு யோசித்து அமைத்தவர்கள் இங்கே ஏன் விட்டார்கள் என்று வருத்தமாக இருந்தது.

சுவைப்பதற்கு முன்பே கையில் தரும் மணங்களின் பட்டியல் விஷயத்திலும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நீண்ட பட்டியல் கையில் இருந்தால், முகர்வதை விட்டுவிட்டுப் பட்டியலில் தேடத் தொடங்குகிறோம். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் வைனியல் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். கண்ணே மூக்கை இவ்வளவு இழுக்குமானால், அச்சிட்ட சொற்கள் எவ்வளவு இழுக்கும்! சுவைத்து முடித்த பிறகே பட்டியலைக் கொடுக்கலாம்.

திட்டமிடாத ஒன்றே நல்ல பாடமானதையும் சொல்ல வேண்டும். திறந்த புட்டி ஒன்றில் ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தது. பயிற்றுநர் அதை மறைக்காமல் எல்லோரிடமும் சுற்றவிட்டு, தக்கையிலிருந்து இறங்கும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை அது என்று விளக்கி, கெடாத இன்னொரு புட்டியைத் திறந்து ஒப்பிட வைத்தார். பழ மணம் எப்படி அடங்கிப்போகிறது என்பதை அவ்வளவு தெளிவாக வேறு எங்கும் பார்க்க முடியாது.

நடைமுறையில் ஒரு குறையை உடனே திருத்தலாம். கோப்பைகள் சரியான சிறிய சுவைக் கோப்பைகள். ஊற்றிய அளவும் சரி. ஆனால் எல்லா வைனும் அறையின் வெப்பத்திலேயே வந்தன. கனமான சிவப்பு வைனுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், பினோ நுவார், காமே போன்ற திராட்சைகளில் செய்த மென்மையானவற்றுக்கு 12 முதல் 14 டிகிரி என்பதே பொருத்தம். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் முன்னே வந்து மணத்தை மூடிவிடும். பினோ நுவார் அமர்வு பலருக்கு மனத்தில் நிற்காததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சேரப்போகிறவர்கள், புட்டிகளைப் பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு குளிர்பெட்டியில் வைக்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.