சாரம் வாடகைக்கு எடுக்கிறவங்க உஷாருங்க, எனக்கு 38,500 ரூபாய் போச்சு

சேலத்துல சென்ட்ரிங் சாமான், செவுரு கட்ட ஏறி நிக்கிற சாரம் எல்லாம் வாடகைக்கு விடுற ஒரு கடை. பேர் சொல்லல, சொன்னா அதுக்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுவானுங்க. அட்வான்ஸ் 38,500 ரூபாயை முழுங்கிட்டு ஏப்பம் விடுறானுங்க. வயித்தெரிச்சல்ல எழுதறேன்.

ஏற்காட்டுல ஒரு வீடு, ஹாலோ பிளாக் கட்டுவேலை. சவுக்குக் கம்பத்துல சாரம் போட்டா அடுத்த செவுத்துக்கு மாத்தவே நேரம் போயிரும், கயிறு அவுத்து மறுபடி கட்டணும். அதான் எச் பிரேம், இரும்புச் சட்டத்தை மாட்டி நிறுத்துற சாரம், கேட்டுப் போனேன். கடை ஆளு யார்டுலயே ஒரு செட்டை நிறுத்திக் காட்டினான். ரெண்டு பிரேம், அதை இணைக்கிற குறுக்குக் கம்பி ரெண்டு கிராஸ், மேல தகரப் பலகை, அடியில சக்கரம். ஒத்தக் கையால தள்ளி, பிரேக்கை மிதிச்சு, "பாருங்க மேஸ்திரி, பத்து நிமிஷத்துல அடுத்த செவுரு"ன்னான். டீ வேற வாங்கிக் குடுத்தான். நின்ன இடத்துலயே ஜிபேல பணம் போட்டேன்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த வண்டியில இருந்தது வேற சரக்கு. பிரேம் ரெண்டு அளவு. கிராஸ் ஓட்டை பிரேம்ல இருக்கிற பின்னுல சேரவே இல்ல, சுத்தியால அடிச்சு மாட்டினா அப்புறம் கழட்ட வரல. கிராஸ் கழண்டு வராம புடிக்கிற லாக் பாதி இல்ல, பசங்க கட்டுக்கம்பியால முறுக்கினாங்க. மலையில சமதரை ஏது? சரிவுல மட்டம் பண்ண, பிரேம் காலுக்கு அடியில திருகி உயரம் ஏத்தி இறக்கற ஜாக்கி வேணும், வந்த ஜாக்கி மரை துரு புடிச்சுத் திரும்பவே இல்ல. கல்லை முட்டுக் குடுத்து அதுமேல கொத்தனாரை ஏத்த முடியுமா? செவுரு நாலஞ்சு அடி வந்தா பலகையை ஏத்தணும், ஒவ்வொரு ஏத்தத்துக்கும் ஒரு மல்லுக்கட்டு. சும்மா உட்கார்ந்த சித்தாள் கூலி தனி.

சாமானைத் திருப்பி அனுப்பி அட்வான்ஸைக் கேட்டேன். "ஓனர் திருப்பதி போயிருக்காருங்க." அப்புறம், "இன்னும் எண்ணலைங்க." கடைசியில, "ரெண்டு பிரேம் வளைஞ்சிருக்கு, அட்வான்ஸ்ல கழிச்சாச்சு." வளைஞ்சேதான்யா வந்துச்சு! இறக்கும்போது எடுத்த போட்டோவை அனுப்பினா நீல டிக் விழுது, பதில் இல்ல. நேர்ல போனேன். அதே செட்டு அதே இடத்துல பெயின்ட் பளபளன்னு நிக்குது. கேட்டா கணக்குப்பிள்ளை சொல்றான், "அது சாம்பிளுங்க."

சாரத்தை வேகமா மாத்தற வழியெல்லாம் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், கை ஓடல. வண்டி ஏத்தறதுக்கு முன்னாடியே பிரேம்ல கிராஸை மாட்டிப் பாருங்க. ஜாக்கி மரையைச் சுத்திப் பாருங்க. வளைசல், துரு எல்லாத்தையும் சரக்கோட வர்ற சலான்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. சக்கர சாரம் மேல ஆள் நிக்கும்போது தள்ளாதீங்க, எவன் சொன்னாலும். ரசீது இல்லாம 38,500 என்ன, 500 கூடக் குடுக்காதீங்க.