வெளிநாட்டில் வாங்கிய நூல், பினாங்கு அலமாரியில்

பினாங்கில் இருந்துகொண்டு கம்பளி பின்னுகிறவளிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வெயிலில் யாருக்கு அக்கா ஸ்வெட்டர்?" நியாயமான கேள்வி. ஆனாலும் நூல் கடை கண்ணில் பட்டால் என் கால் தானாக நின்றுவிடும். 2015 முதல் எந்த நாட்டுக்குப் போனாலும் திரும்பும்போது பெட்டியில் பாதி நூலாகத்தான் இருக்கிறது. வாங்கிய அன்று எல்லாமே நல்ல நூல்தான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகள் கிடந்து, பின்னி, உடுத்தி, துவைத்த பிறகு எது எப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இஸ்தான்புல். கிராண்ட் பஜாரிலிருந்து எமினோனு பக்கம் இறங்கும் மஹ்மூத்பாஷா சரிவில் குர்க்சு ஹான் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத்தின் அமைச்சர் மஹ்மூத் பாஷா கட்டிய வணிகச் சத்திரம். பெயருக்கு உரோமத்தோல் வணிகர் சத்திரம் என்று பொருள். இன்று அங்கே கொட்டிக் கிடப்பது நூல். முற்றத்தைச் சுற்றிக் கடைகள், வாசல்வரை அடுக்கிய பொட்டலங்கள். பெரும்பாலும் ஐந்து கண்டுகள் சேர்ந்த பொட்டலமாகத்தான் விற்கிறார்கள். ஒற்றைக் கண்டு கேட்டபோது ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை, மீன் சந்தையில் ஒரே ஒரு நெத்திலி கேட்டவளைப் பார்ப்பது போல இருந்தது.

துருக்கி மொழியில் கம்பளிக்கு 'யூன்' என்று படித்துக்கொண்டு போயிருந்தேன். "யூன்?" என்று கேட்டேன்; தலையாட்டினார். இரண்டு பொட்டலம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு துண்டை நெருப்பில் காட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இதுவோ உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டது. சுத்தமான அக்ரிலிக், செயற்கை இழை. ஒரு வாரம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், நம் ஆட்களும் அக்ரிலிக்கைத்தானே 'உல்லன் நூல்' என்று கூசாமல் சொல்கிறோம்.

அந்த நூலில் தங்கை பேரனுக்கு ஒரு போர்வை பின்னினேன். இத்தனை ஆண்டுகளாகத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டு எடுக்கிறார்கள். மேலே கொஞ்சம் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சாயம் போகவில்லை, பூச்சி தொடவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த ஏசியின் அருமை தெரியும். இன்றும் அந்தப் பஸ்ஸுக்கு அதுதான் போகிறது.

இதற்கு நேர்மாறு நியூசிலாந்து. 2017 ஜூலை, கிறைஸ்ட்சர்ச்சில் நல்ல குளிர்காலம். மெரினோ ஆட்டுக் கம்பளியோடு போசம் என்ற விலங்கின் உரோமம் கலந்த நூல். போசம் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட விலங்கு. அங்கே காட்டையும் பறவைகளையும் அழிக்கும் பீடையாகிவிட்டது. அதன் முடி உள்ளே வெற்றிடமாக இருப்பதால் எடை குறைவு, கதகதப்பு அதிகம். கடைக்குள் விறைத்த கையோடு நுழைந்து அந்த நூலில் விரலைப் புதைத்தபோது, வாழ்நாளில் இதைவிட நல்ல நூலைத் தொட்டதே இல்லை என்று நினைத்தேன். விலையைப் பார்க்கவில்லை. பினாங்கு வந்து மடியில் வைத்துப் பின்ன உட்கார்ந்தால், பூனை ஒன்று மடியில் படுத்திருப்பது போல வேர்த்தது. நூல் அதேதான், தொட்ட கைதான் வேறு. குளிர் ஊரில் கையை நம்பி நூல் வாங்கக்கூடாது என்பது இந்தச் செலவில் கற்றது.

அது மட்டுமா? நூல் கண்டாக வரவில்லை, நெசவாளர்கள் சிட்டம் என்பார்களே, அப்படிப் பெரிய வளையமாக வந்தது. கணவர் இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்க, நான் உருண்டையாகச் சுற்றினேன். என் அளவுக்கு முழுக்கைக் கார்டிகனுக்கு (முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர்) ஏறக்குறைய 1,200 மீட்டர் வேண்டும். சிட்டத்துக்கு 110 மீட்டர் என்று சீட்டிலேயே போட்டிருந்தது. நான் எடையை மட்டும் பார்த்து ஒன்பது எடுத்திருந்தேன். ஆக்லாந்தில் இருக்கும் உறவுக்காரப் பெண் மீதி இரண்டை அனுப்பினாள். அதே நிற எண், ஆனால் சாயத் தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு இடும் எண், வேறு. இடது கை முழங்கைக்குக் கீழே ஒரு நிழல் விழுந்தது போல இன்றும் தெரிகிறது. பழைய நூலில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னியிருந்தால் கலந்து போயிருக்கும். அப்போது அவசரம்.

ஆண்டுக்கு ஒருமுறை குளிரான கேமரன் மலைக்கு மட்டும் போகும் அந்தக் கார்டிகனை 2020இல் அந்துப்பூச்சி கண்டுபிடித்துவிட்டது. அதன் புழுக்களுக்கு முடியிலும் கம்பளியிலும் உள்ள கெரட்டின்தான் சாப்பாடு, அக்ரிலிக்கைச் சீந்துவதில்லை. இப்போது கம்பளி எல்லாம் காற்றை வெளியேற்றிய பையில் ஒரு வாரம் உறைபெட்டியில், மீனுக்குப் பக்கத்தில். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். சூடு ஏறும்வரை காத்திருக்காவிட்டால் ஈரம் கோத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும்.

தோக்கியோவுக்கு 2019 மே மாதம் போனேன். அங்கே கடைகள் பருவத்துக்கு ஏற்ப நூலை மாற்றுவதால் முன்வரிசையில் பருத்தியும் லினனும்தான் இருந்தன. ஜப்பானிய எழுத்து ஒன்றும் தெரியாவிட்டாலும் கவலையில்லை. எடை, நீளம், நிற எண், தொகுதி எண் எல்லாம் சீட்டில் எண்ணாகவே இருக்கின்றன. லினன் கலந்த பருத்தியில் பின்னிய கையில்லாச் சட்டை ஒவ்வொரு துவைப்புக்கும் மிருதுவாகிக்கொண்டே வருகிறது. குறை ஒன்று உண்டு: பருத்திக்கு மீளும் தன்மை கிடையாது. சொந்த எடையிலேயே இழுபட்டு இரண்டு விரல் நீண்டுவிட்டது. நனைத்தால் கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பிக் காய வைக்கிறேன்.

ஊசியில்தான் ஏமாந்தேன். அம்மாவின் பழைய ஆங்கிலேய 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர். அதே நினைப்பில் ஜப்பானில் 8ஆம் எண் மூங்கில் ஊசி வாங்கினேன், அது 4.5. அமெரிக்க 8 என்றால் 5. அந்த ஜப்பானிய ஊசியில் பின்னிய முதல் சட்டைக்குள் நானும் தங்கையும் சேர்ந்தே நுழையலாம். இப்போது எண்ணைப் பார்ப்பதே இல்லை, மில்லிமீட்டர்தான்.

ஞாபகத்துக்கு என்று ஆங்காங்கே வாங்கிய ஒற்றைக் கண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஒன்றும் உருப்படவில்லை.

மருமகள் டிசம்பரில் இஸ்தான்புல் போகிறாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: அக்ரிலிக், இரண்டு பொட்டலம், இரண்டிலும் ஒரே தொகுதி எண். யூன் என்று சொன்னால் நம்பாதே.