11 வருஷம் ஒரு நிதி ஆலோசகரோடு: நல்ல மனிதர், நல்ல ஆலோசனை, ஆனாலும் விலகுகிறேன்

என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, எனக்குத் தங்கை மாதிரி, பதவி உயர்வு வந்த கையோடு என்னிடம் வந்தாள். "அக்கா, சம்பளம் ஏறினதும் ஆளாளுக்கு போன் பண்றாங்க. நீங்க ரொம்ப வருஷமா ஒரு ஆலோசகரை வச்சிருக்கீங்களே, நானும் வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏனென்றால் அதே வாரம்தான் அந்த ஆலோசகருக்கு விலகுகிறேன் என்று கடிதம் எழுதி வைத்திருந்தேன். அனுப்பலாமா வேண்டாமா என்று நாலு நாளாக மனசு அலைந்து கொண்டிருந்தது. அதனால் அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிர்வகிக்கும் தொகையில் ஆண்டுக்கு 1 சதவீதம் கட்டணம், காலாண்டுக்கு ஒருமுறை கணக்கிலிருந்து தானாகக் கழியும். பணம் பெரும்பாலும் இண்டெக்ஸ் ஃபண்டுகளிலும் (ஒரு பங்குக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்டுகள்) கடன் பத்திரங்களிலும் இருக்கிறது. கமிஷன் வாங்கிக்கொண்டு பாலிசி விற்கிற ஆள் இல்லை அவர். அந்த வகை ஆட்களைப் பற்றி நான் எழுதப் போவதும் இல்லை, அவர்களிடம் போகாதே, அவ்வளவுதான்.

முதலில் அவர் செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போனால் நியாயமாக இருக்காது.

நான் அவரிடம் போனபோது என் சேமிப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்குகளாகவே இருந்தது. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தது, ஏறிக்கொண்டே இருந்தது, விற்க மனசு வரவில்லை. அதிகம் சம்பாதிக்கும் பலருக்கு இருக்கிற சிக்கல் இதுதான், ஆனால் அது சிக்கல் என்றே தெரியாது. அவர் என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் கதையைச் சொன்னார். 2001இல் அந்த நிறுவனம் திவாலானபோது, ஊழியர்களின் ஓய்வுக்கால சேமிப்பில் பாதிக்கு மேல் அதே நிறுவனத்தின் பங்குகளில் இருந்தது. வேலையும் போனது, சேமிப்பும் போனது, இரண்டும் ஒரே நேரத்தில். "உங்கள் சம்பளமே அந்த நிறுவனத்தை நம்பித்தான் இருக்கிறது மேடம், சேமிப்பையும் அதே தூணில் சாய்த்து வைக்காதீர்கள்" என்றார். பங்கு கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் பாதியை அன்றே விற்பது என்று ஒரு விதி போட்டோம். விலையைப் பார்ப்பதில்லை, யோசிப்பதும் இல்லை. மூன்று வருஷத்தில் 60 சதவீதம் 15க்கு இறங்கியது. தனியாக இருந்திருந்தால் இதை நான் செய்திருக்கவே மாட்டேன்.

அடுத்தது 2020 மார்ச். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளை வைத்துக் கணக்கிடும் எஸ் அண்ட் பி 500 குறியீடு பிப்ரவரி 19 உச்சத்திலிருந்து மார்ச் 23க்குள் 34 சதவீதம் விழுந்தது, உலகம் முழுக்கச் சந்தைகள் அப்படித்தான் சரிந்தன. எங்கள் துறையில் ஆட்குறைப்பு வேறு நடந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரி போன் போட்டு எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள் சார் என்றேன். அவர் மறுக்கவில்லை. "விற்கலாம் மேடம். ஆனால் திரும்ப எப்போது வாங்குவோம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தேதியோ, சந்தை நிலவரமோ, எதுவாக இருந்தாலும் சரி. அன்றைக்கு உங்களைக் கேட்காமல் வாங்கிவிடுகிறேன்" என்றார். காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுத முடியவில்லை. எழுத முடியாததால் விற்கவும் இல்லை. அந்தக் குறியீடு ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு போன் காலுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், மறக்க மாட்டேன்.

பார்பர், ஓடீன் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் பங்கு வர்த்தகக் கணக்குகளைப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, அதே காலத்தில் சந்தை கொடுத்தது 17.9. கையைக் கட்டிக்கொண்டு இருக்க வைப்பதே ஒரு பெரிய சேவை என்பதற்கு இதை விடச் சான்று வேண்டாம். ஆலோசகர் சேர்க்கும் மதிப்பு ஏறத்தாழ 3 சதவீதம் வரை போகலாம் என்று வான்கார்டு என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் சொல்லி வருகிறது. ஆனால் அது வருஷா வருஷம் சீராக வருவதில்லை, பயமும் பேராசையும் உச்சத்தில் இருக்கும் சில நேரங்களில்தான் வருகிறது என்றும் அவர்களே சொல்கிறார்கள். என் அனுபவமும் அதேதான். 11 வருஷத்தில் அவர் உண்மையாகத் தேவைப்பட்டது இரண்டு முறை, நீட்டினால் மூன்று முறை.

கட்டணம் மட்டும் 44 முறை கழிந்திருக்கிறது.

இங்கேதான் எனக்கு எரிகிறது, பல வருஷமாக எரிந்துகொண்டிருக்கிறது. முதல் ஆண்டு நான் கொடுத்த கட்டணம் என் நாலைந்து நாள் சம்பளத்துக்குச் சமம். இப்போது ஏறத்தாழ மூன்று வாரச் சம்பளம். வேலை கூடியதா? இல்லை. வருஷத்துக்கு நாலு சந்திப்பு இரண்டாகக் குறைந்துவிட்டது. பணம் ஏறியது அவர் திறமையாலா என்றால், இன்று அங்கே இருப்பதில் பாதிக்கு மேல் நான் மாதாமாதம் சம்பளத்திலிருந்து போட்டது. அதிகம் சம்பாதிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: முதல் பத்து பதினைந்து வருஷம் நம் பணத்தை வளர்ப்பது வட்டியோ லாபமோ இல்லை, நாம் செலவழிக்காமல் எடுத்து வைப்பதுதான். நான் ஒரு பயணத்தை விட்டுக்கொடுத்து எடுத்து வைத்த பணத்துக்கும் அவருக்கு ஆண்டுதோறும் 1 சதவீதம்.

1 சதவீதம்தானே என்று தோன்றும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் ஒரு தொகை 30 ஆண்டில் 7.6 மடங்காகும். கட்டணம் போக 6 சதவீதம் என்றால் 5.7 மடங்கு. கிட்டத்தட்ட கால்வாசி போய்விடுகிறது. ஃபண்டின் சொந்தச் செலவு இதற்கு மேல் தனி. இந்தக் கணக்கை அவர் எனக்கு ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை. காலாண்டு அறிக்கை 20 பக்கம் வரும், வண்ண வண்ணமாக வரைபடங்கள் இருக்கும். வெறும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற ஒரே ஒரு கோடு மட்டும் இருக்காது. மூன்று முறை கேட்டேன். அடுத்த அறிக்கையில் சேர்க்கிறோம் என்றார்கள்.

சரி, பணம் போனால் போகட்டும் என்று கூட விட்டிருப்பேன். என்னை விலக வைத்தது வேறு.

சில வருஷத்துக்கு முன் பெரிய போனஸ் ஒன்று வந்தது. வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று நானும் என் கணவரும் பேசி முடிவெடுத்து அவரிடம் போனோம். அடைக்க வேண்டாம் என்றார். கடனுக்குக் கட்டும் வட்டியை விட நீண்டகாலத்தில் முதலீடு கூடுதலாகத் தரும், அவசரத்துக்குக் கையில் பணமும் இருக்கும் என்றார். கேட்டுக்கொண்டு திரும்பினோம். இன்று கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி, முதலீடு கடன் வட்டியைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறது. ஆனால் கடனை அடைத்திருந்தால் அந்தத் தொகை அவர் நிர்வாகத்தை விட்டு வெளியே போயிருக்கும், அவருடைய கட்டணமும் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். அதை அன்றைக்கு அவர் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மிகவும் பிந்தித்தான் உறைத்தது.

போன சந்திப்பில் நேராகவே கேட்டேன். "அன்றைக்கு நாங்கள் கடனை அடைத்திருந்தால் உங்கள் கட்டணம் குறைந்திருக்கும் இல்லையா சார்?" அவர் கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். "குறைந்திருக்கும் மேடம். ஆனால் நான் சொன்னது தப்பில்லையே" என்றார். தப்பில்லைதான். அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. தப்பான ஆலோசனை கொடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். சரியான ஆலோசனை, ஆனால் எதற்காகச் சொன்னார் என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப் போவதில்லை.

அந்தக் கேள்வி வந்துவிட்ட பிறகு பழைய ஆலோசனைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து நின்றன. 2018இல் வேலையிலிருந்து ஒரு வருஷம் விடுப்பு எடுத்து அம்மாவோடு இருக்க நினைத்தேன். சம்பளம் நிற்கும், சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்ய வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள், தொகை கொஞ்சம் தேறட்டும் என்றார். பொறுத்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அம்மாவுக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. சேர்ந்து போக வேண்டும் என்று நினைத்த இடங்களில் பாதிக்குப் போக முடியவில்லை. முடிவு என்னுடையது, அவர் மேல் பழி போடவில்லை. எண்களைப் பார்த்தால் அவர் சொன்னது எச்சரிக்கையான, ஒழுங்கான ஆலோசனைதான். ஆனால் பணம் உள்ளேயே இருக்க வேண்டும் என்கிற பக்கத்துக்கு மட்டும் தராசில் ஒரு சின்னக் கல் எப்போதும் கிடந்தது. அதை வைத்துக்கொண்டே நான் 11 வருஷம் எடை பார்த்திருக்கிறேன். கடன் அடைப்பது, பெற்றோருக்குக் கொடுப்பது, விடுப்பு எடுப்பது, சீக்கிரம் ஓய்வு பெறுவது என்று வாழ்க்கையில் பணத்தை வெளியே எடுக்கிற எல்லா முடிவுகளும் அவருக்கு வருமான இழப்பு. அவர் நேர்மையானவர் என்றே நம்புகிறேன். நேர்மையானவராக இருந்தும் இந்த ஏற்பாடு அவருடைய வார்த்தையைக் கலங்கலாக்கிவிட்டது.

என் கணவர் இதில் என்னோடு உடன்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு எண்களில் நாட்டமில்லை. நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. ஆலோசகர் அவரையும் உட்காரவைத்து, எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, யார் வாரிசு, டேர்ம் இன்சூரன்ஸ் எவ்வளவு, முதல் மாதம் என்ன செய்ய வேண்டும், இரண்டாம் மாதம் என்ன செய்யக் கூடாது என்றெல்லாம் ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு என் கணவர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். நான் எதிர்பார்க்காத நன்மை இது. பணத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் பேசியது அந்த அறையில்தான். இதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் எழுதிப் பார்த்தால், நன்மைப் பக்கம்தான் நீளமாக இருக்கிறது. ஆனாலும் கடிதத்தை நேற்று அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. வருத்தமாகப் பேசினார், பழைய வருஷங்களை நினைவுபடுத்தினார், எனக்கும் தொண்டை அடைத்தது. கடைசியில், "வேண்டுமானால் கட்டணத்தைப் பாதியாக்கிவிடலாம் மேடம்" என்றார். அதற்கு முன் கொஞ்சம் தயக்கம் இருந்தது, அந்த வார்த்தையோடு அது போய்விட்டது. பாதிக்குச் செய்ய முடியும் என்றால் இத்தனை வருஷம் ஏன் முழுசு?

இனி மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒருவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை போவதாக இருக்கிறேன். வரிக்குத் தனியாக ஒரு ஆடிட்டர் ஏற்கனவே இருக்கிறார். மீதியைச் செய்ய எனக்கு இப்போது தெரியும், அதில் பெரும்பகுதி அவரிடம் கற்றதுதான் என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த மார்ச் 2020 வந்தால் என்ன செய்வேன் என்று கேட்கலாம். திரும்ப எப்போது வாங்குவது என்று எழுதாமல் விற்கக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதே கோப்பில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். அது போதுமா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

உனக்கு, தங்கச்சி: உன் பங்குகள் எல்லாம் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன, கணவனும் மனைவியும் பணத்தைப் பற்றி இன்னும் உட்கார்ந்து பேசவில்லை, அதனால் ஒரு ஆலோசகரிடம் நீ போகத்தான் வேண்டும். நிலையான தொகை வாங்குகிறவராகப் பார்த்துப் போ, வேலை முடிந்ததும் எழுந்து வந்துவிடு. சதவீதம் கேட்கிறவராக இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேள். நான் நாளைக்கே வீட்டுக் கடனை முழுசாக அடைத்தால் உங்களுக்கு எவ்வளவு குறையும் என்று கேள். தொகையை உடனே, தயங்காமல் சொன்னால் மேற்கொண்டு பேசு.