பழைய டி90-ஐ மாற்றத்தான் வேண்டுமா? பதினைந்து ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2010-இல் வாங்கிய நிக்கான் டி90 கேமரா இன்னும் என் தோள்பையில் இருக்கிறது. படக் கோப்புக்குள் பதிவாகும் எண்ணிக்கையைப் பார்த்தால், ஷட்டர் இதுவரை 70,000 முறைக்கு மேல் இயங்கியிருக்கிறது. ஒரு லட்சம் முறை இயக்கிச் சோதிக்கப்பட்ட ஷட்டர் அது. சோதனை அளவுதானே, ஆயுள் கெடு அல்லவே என்று எனக்கு நானே அவ்வப்போது தைரியம் சொல்லிக்கொள்கிறேன்.

மாற்றும் ஆசையை முதலில் கிளப்பியது மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. இதில் 12.3 எங்கே, இன்று சாதாரணமாகிவிட்ட 24 எங்கே! உட்கார்ந்து கணக்குப் போட்டதும் அந்த மயக்கம் பாதி தெளிந்தது. டி90 தரும் படம் 4288க்கு 2848 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் ஏறத்தாழ 14க்கு 9.5 அங்குலம் வரும். ஏ4 தாளுக்கு அது தாராளம். 4கே திரையில் இருப்பதே சுமார் 83 லட்சம் புள்ளிகள்தாம். தவிர, மெகாபிக்சல் இரட்டிப்பானால் படத்தின் அகலம் இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்குதான் கூடுகிறது. தொலைவில் உட்கார்ந்திருக்கும் பறவையைப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்குகிறவர்களுக்கு அதுவும் உதவும். எனக்குப் பறவைகளிடம் அவ்வளவு பொறுமை இல்லை.

புதிய கேமராக்களின் சிறப்பம்சப் பட்டியல்களை மூடிவைத்துவிட்டு, ஓராண்டில் நான் கழித்துக்கட்டிய படங்களைத் தோண்ட ஆரம்பித்தேன். (எதையும் அடியோடு அழிக்காத என் கெட்ட பழக்கம் முதன்முறையாகப் பயன்பட்டது.) பாதிக்கு மேல் என் கைங்கரியம்: கோணல், அவசரம், வெறும் அலுப்பூட்டும் படங்கள். எந்தக் கேமரா வாங்கினாலும் அவை அப்படியேதான் வந்திருக்கும். எஞ்சியவை ஏறக்குறைய ஒரே சாதி. உள்ளரங்கம், மங்கிய வெளிச்சம், நகரும் மனிதர்கள். பெரும்பாலும் மகளின் நடன மேடை. ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் அளவு) 1600-ஐத் தாண்டினால் நிழல்களில் வண்ணப் புள்ளிகள் மொய்க்கின்றன. 11 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, அதாவது கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் உணர்வது. மங்கிய இடத்தில் நான் நம்புவது அதைத்தான். அதை முகத்தில் நிறுத்தி ஃபோகஸ் பிடித்து, பிறகு சட்டகத்தை ஒழுங்குபடுத்துவதற்குள் அவள் மேடையின் மறுகோடிக்குப் போயிருப்பாள்.

நண்பரின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை) கேமராவை இரண்டு வாரம் இரவல் வாங்கினேன். கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் துரத்தும் அதன் ஃபோகஸ், சத்தியமாக மாயவித்தைதான். அப்போதே மனம் அதற்குத் தாவிவிட்டது. இழுத்துப் பிடித்தது, மங்கிய இடத்திலும் நிறைய ஒளியை உள்ளே விடும் என்னுடைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ். அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமரா உடலில் உள்ள மோட்டார்தான் ஒரு சிறு தண்டின் வழியாக அதைத் திருப்புகிறது. நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் வகைக் கேமராக்களிலோ, பழைய லென்ஸ்களை அவற்றில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலோ அந்த மோட்டார் இல்லை. லென்ஸ் பொருந்தும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். நடன மேடைக்காகக் கேமராவை மாற்றி, அந்த மேடைக்கு ஏற்ற ஒரே லென்ஸின் தானியங்கி ஃபோகஸை இழப்பதா?

அதனால் பக்கவாட்டில் நகர்ந்தேன். 2017-இல் வந்த நிக்கான் டி7500, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. உடலிலேயே மோட்டார் உண்டு, 51 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 8 படங்கள் (டி90-இல் 4.5). எட்டு மாதம் ஆகிறது. ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்ததைத் தயங்காமல் அச்சுக்குக் கொடுக்கிறேன். கண்ணைத் துரத்தும் வித்தை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் இல்லை என்பது அவ்வப்போது உறுத்துகிறது. பழைய பேட்டரிகள் இதற்குப் பொருந்தாது என்பதும் ஓர் எரிச்சல். என்றாலும் அவற்றில் ஒன்று, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய வேறு நிறுவனத்தின் பேட்டரி, முன்பே உப்பிப்போய் டி90-க்குள் சிக்கிக்கொண்டு அரை நாளைத் தின்றது. பழைய கேமராவை வைத்திருப்பவர்கள் பேட்டரியில் மட்டும் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம்.

காணொளியைப் பொறுத்தவரை டி90-க்கு வாதாட எதுவுமில்லை. 2008-இல் காணொளி எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் கேமரா வகை) என்ற பெருமையோடு அது நின்றுவிட்டது. 720பி அளவிலான தெளிவு, ஒரு துண்டுக்கு ஐந்து நிமிடம், பதிவின்போது தானியங்கி ஃபோகஸ் கிடையாது. காணொளிதான் முக்கியம் என்றால் இவ்வளவு யோசித்திருக்கவே வேண்டாம்.

வெயிலில் எடுத்த படங்களை இரண்டு கேமராவிலிருந்தும் ஏ4 அளவில் அச்சிட்டு வீட்டில் காட்டினேன். எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேடைப் படங்களைக் காட்டியபோது கேள்வியே தேவைப்படவில்லை.

டி90-ஐ விற்கவில்லை. 50 மி.மீ. லென்ஸ் அதில்தான் குடியிருக்கிறது. நடன நிகழ்ச்சி வரும் நாளில் மட்டும் கழற்றி மற்றதில் மாட்டுகிறேன்.