கிரேக்கம் தேறும், எபிரேயம் தேறாது: அரசரடிப் பக்கம் ஆய்வேடு தட்டச்சும் பைண்டிங்கும்

பைண்டிங்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். கிரேக்கத்தைக் கொடுக்கலாம், ஆனால் பக்கத்தில் ஒருநாள் உட்கார நேரம் வேண்டும். எபிரேய மேற்கோளையும் பழைய தமிழ் மேற்கோளையும் மட்டும் கொடுக்காதீர்கள். அவற்றை நீங்களே அடித்து எடுத்துக்கொண்டு போங்கள். மதுரையில் அரசரடியிலிருந்து காளவாசல் போகிற வழியில், இறையியல் முதுநிலை மாணவர்கள் வழக்கமாக ஏறி இறங்கும் ஒரு ஜெராக்ஸ்–டிடிபி கடையைப் பற்றிய தீர்ப்பு இது. கடைப் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் எந்தக் கடையில் கொடுத்தாலும் சரிபார்க்க வேண்டியவை ஏறக்குறைய இவையேதான்.

முதல் கேள்வி, தமிழைப் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடிப்பதா, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடிப்பதா என்பது. இந்தக் கடையில் கை பழகியது பாமினியில். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல், அடித்து முடித்தபின் மொத்தக் கோப்பையும் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கும்போது வருகிறது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆகவே உடற்பகுதி அழகாக மாறிவிடும், அடிக்குறிப்பில் இருக்கிற ஆங்கில, லத்தீன், ஜெர்மன் நூல் பெயர்களும் ‘ஐபிட்’களும் (‘மேற்படி நூல்’ என்னும் குறிப்பு) சேர்ந்து உருத்தெரியாத தமிழாகிவிடும். திருச்சபை வரலாற்று ஆய்வேட்டில் பாதிக் கனம் அடிக்குறிப்பில்தானே இருக்கிறது! உடற்பகுதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அடிக்குறிப்புகளை ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும், கூடட்டும்.

எந்தத் தலைப்பை எடுத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலையின் கடினம் மாறும். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் என்றால் மூல ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலம், கடைக்காரருக்கும் உங்களுக்கும் நிம்மதி. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, அவருக்கு முன்பே இங்கே பரதவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ், நொபிலி உள்ளூர்ப் பழக்கவழக்கங்களை ஏற்றதால் இருவருக்கும் எழுந்த தகராறைத் தீர்க்க 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை என்று போனால், போர்த்துக்கீசியமும் லத்தீனும் வந்துவிடும். எழுத்தின் கீழே தொங்குகிற கொக்கியும் மேலே போடுகிற அலைக்கோடும் பழைய எழுத்துருவில் கட்டமாகவோ தமிழ் எழுத்தாகவோ மாறிவிடும். தரங்கம்பாடி மிஷன் என்றால் வேறு வகைத் தொல்லை: ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியான அந்த மிஷனின் அறிக்கைகள் பழைய ஜெர்மன் முறுக்கெழுத்தில் அச்சானவை. அதில் நீட்டு ‘எஸ்’ஸும் ‘எஃப்’பும் ஒன்றுபோலவே இருக்கும், குறுக்குக்கோட்டில்தான் வித்தியாசம். செல்போனில் எடுத்த படத்தை மென்பொருளில் போட்டு எழுத்தாக்கித் தருவதாகக் கடையில் சொல்வார்கள். அந்த அறிக்கைகளுக்கு இந்தச் சேவை காசுக்குப் பிடித்த கேடு.

செண்பகனூர் சேசு சபை ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில் குறிப்பெடுத்து வந்தவர்களுக்குப் பெரிய ஆபத்து, தட்டச்சு செய்பவரின் நல்ல தமிழறிவு. ‘சறுவேசுரன்’ என்று மூலத்தில் இருப்பதை ‘சர்வேசுவரன்’ என்று திருத்தி அடித்துவிடுகிறார். எந்தக் காலத்து எழுத்து, எந்தச் சபையின் வழக்கு என்று காட்டும் சான்று அந்த எழுத்துக்கூட்டல்தான். அது போய்விட்டால் உங்கள் வாதத்துக்கு மேற்கோளே இல்லை. மேற்கோள் பத்திகளை மஞ்சள் நிறமிட்டு, ‘உள்ளது உள்ளபடி’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கை நிற்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் போன்ற பழைய தமிழ் நூல்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. நெடில் ஏகார ஓகாரங்களைப் பிரித்துக் காட்டும் வரிவடிவம் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. எங்கே புள்ளி வைத்துப் படிப்பது என்பது ஆய்வாளர் முடிவு. அதைக் கடையில் விட முடியாது.

இதைவிடச் சின்னதாகத் தெரிகிற இன்னொன்று, தமிழ் எண்கள். ௧-ஐயும் க-வையும், ௨-ஐயும் உ-வையும், ௭-ஐயும் எ-யையும் திரையில் பிரித்தறிய முடியாது. கடையில் எழுத்தைத்தான் அடிப்பார்கள். அச்சில் தெரியாது, ஆனால் பின்னால் ஆண்டைத் தேடினால் கிடைக்காது.

‘கண்டுபிடி–மாற்று’ வசதியைக் கடைக்காரர் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வீரமாமுனிவரின் இயற்பெயரான ‘பெஸ்கி’யை எல்லா இடத்திலும் ‘வீரமாமுனிவர்’ ஆக்கச் சொன்னால், ‘பெஸ்கியின்’ என்பது ‘வீரமாமுனிவர்யின்’ ஆகிவிடும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. தமிழ் நூல்களின் தலைப்பில் உள்ள பெஸ்கியும் வீரமாமுனிவராகிவிடுவார், அப்படி ஒரு நூல் உலகத்திலேயே இருக்காது.

கிரேக்கம் இந்தக் கடையில் எதிர்பார்த்ததைவிட நன்றாக வருகிறது. காரணம், கணினியில் எஸ்.பி.எல். (விவிலிய இலக்கியச் சங்கம்) கிரேக்க எழுத்துரு ஏற்றியிருக்கிறார்கள். பழைய ‘சிம்பல்’ எழுத்துருவில் அடிக்க வந்தால் நிறுத்துங்கள், அதில் அழுத்தக்குறிகளும் மூச்சுக்குறிகளும் இல்லை. கிரேக்கம் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய மூன்று சோதனைகள் போதும். சொல்லின் கடைசியில் சிக்மா வந்தால் அது வால் வைத்த வடிவமாக இருக்க வேண்டும். உயிரெழுத்திலோ ‘ரோ’விலோ தொடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையில் மூச்சுக்குறி இருக்க வேண்டும், இரண்டு உயிர் சேர்ந்து ஒலித்தால் இரண்டாவதன் மேல். அப்புறம் அந்தக் குறி எந்தப் பக்கம் வளைகிறது என்று மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ‘என்’னும் ‘ஹென்’னும் இதில்தான் பிரிகின்றன, ஒன்று ‘உள்ளே’, மற்றது ‘ஒன்று’. 325-ஆம் ஆண்டு நிசேயா திருச்சபைச் சங்கம் பற்றிய அத்தியாயம் இருந்தால் ஒவ்வொரு அயோட்டாவையும் (கிரேக்க ‘இ’) எண்ணுங்கள். ‘ஹோமோஊசியோஸ்’ (ஒரே சாரம் உடையவர்) நிசேயா விசுவாச அறிக்கையின் சொல், ‘ஹோமொய்ஊசியோஸ்’ (ஒத்த சாரம் உடையவர்) அதை ஏற்கத் தயங்கிய ஒரு சாராருடையது. இடையில் ஒரே எழுத்து. டிடிபி கடையில் கட்சி மாறிவிட்டால் தேர்வாளர் சிரிப்பார், மதிப்பெண் போடமாட்டார்.

எபிரேயம் வேறு கதை. வலமிருந்து இடம் அடிக்கும் வசதியை இயக்காமல், எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகச் செருகி, பார்வைக்குச் சரியாக்கிவிடுகிறார்கள். ஒற்றைச் சொல்லுக்கு இது தப்பிவிடும். நாலைந்து சொல் கொண்ட தொடர் வரி முடிவில் உடைந்தால், தொடக்கம் கீழ்வரிக்கும் முடிவு மேல்வரிக்கும் போய்விடும். சோதிக்க வழி எளிது: அந்தத் தொடருக்கு முன்னால் சில தமிழ்ச் சொற்களைத் தற்காலிகமாகச் சேர்த்து அதை இரண்டு வரியாக உடைத்துப் பாருங்கள். காஃப், மேம், நூன், பே, த்ஸாதே ஆகிய ஐந்து எழுத்துகளும் சொல்லிறுதியில் வேறு வடிவம் எடுக்கும். அதையும் விட்டுவிடுகிறார்கள்.

மேற்கோள் எண்களில் கடைக்காரர் ‘சீர்படுத்த’ இடம் தராதீர்கள். மீன் (Migne) என்பவர் பதிப்பித்த திருச்சபைத் தந்தையர் நூல் தொகுப்பில் (கிரேக்கத் தந்தையர் 161 தொகுதிகள், லத்தீன் 221) எண் குறிப்பது பக்கத்தை அல்ல, பக்கத்தை நெடுக்காகப் பிரித்த பத்தியை (column). திருச்சபைப் போதனை ஆவணங்களைத் திரட்டிய டென்சிங்கர் தொகுப்பில் அது குறிப்பெண். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘ப.’ போட்டு அழகுபடுத்திக் கொடுத்தால் எல்லாமே பிழை. சங்கீத எண்ணும் அப்படியே: வுல்காத்தா என்னும் லத்தீன் விவிலியத்தில் 22 என்பது எபிரேய எண்ணிக்கையில் 23. பழைய சேசு சபைக் கடிதத்தின் எண்ணை ‘கர்த்தர் என் மேய்ப்பர் 23-தானே’ என்று மாற்றிவிடுவார்கள். ‘யோவான்’ ஒரு வரியிலும் ‘3:16’ அடுத்த வரியிலும் விழாமல் இருக்க, இடையில் கன்ட்ரோல்–ஷிஃப்ட்–ஸ்பேஸ் போடச் சொல்லுங்கள், இது அவர்களுக்குத் தெரியும். அச்சுக்குக் கொடுப்பது எழுத்துருக்கள் பதிந்த பிடிஎஃப்பாக மட்டுமே இருக்கட்டும். வேர்டு கோப்பை வேறு கணினியில் திறந்தால் பக்க எண்கள் நகர்ந்து பொருளடக்கம் பொய்யாகிவிடும்.

இனி பைண்டிங். இந்தக் கடைக்குப் போகக் காரணமே இதுதான். பக்கவாட்டில் துளையிட்டு நூலால் தைத்து, காலிகோ துணியில் முதுகு வைத்து, கனத்த அட்டைக்கு ரெக்சின் போடுகிறார்கள். வெறும் பசையில் ஒட்டிய பிரதியை நூலகத்தில் நாலு பேர் நகலெடுக்க விரித்தால் தாள் கையோடு வரும். இதில் வராது. ஆனால் தையல் சுமார் அரை அங்குலத்தை விழுங்கும். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடாவிட்டால் வரியின் முதல் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். இருபக்க அச்சு என்றால் ஓரம் பக்கத்துக்குப் பக்கம் மாறிவர வேண்டும் என்று முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 250 தாள் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன், ஒன்றேகால் கிலோ. அதற்கு மேல் போகும் ஆய்வேட்டுக்கு 100 ஜிஎஸ்எம் கேட்பது வீண் பெருமை, முதுகுதான் தொய்யும்.

பசையில் துத்தம் கலப்பார்களா என்று கேளுங்கள். வெறும் மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. ஒட்டியபின் ஓர் இரவாவது அழுத்தத்தில் இருக்க வேண்டும். ‘இன்றே வேண்டும்’ என்று அவசரப்படுத்தினால், குறிப்பாக ஐப்பசி மழையில், அட்டை வில்லாக வளைந்துவிடும். அது கடையின் தவறல்ல.

அட்டையில் பொன்னெழுத்து அடிக்க ஆங்கில எழுத்துகள் கடையிலேயே தயாராக இருக்கின்றன. தமிழ்த் தலைப்புக்குத் தனியாக பிளாக் (அச்சுக்கட்டை) செய்ய வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும், கட்டணமும் தனி. தலைப்பையும் உங்கள் பெயரையும் வழிகாட்டியிடம் காட்டி, நிறுவனத்தில் பதிவான எழுத்துக்கூட்டலோடு ஒப்பிட்டபின் பிளாக்குக்கு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் அந்த பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு பிரதி கட்ட நேர்ந்தால் திரும்பப் பணம் கொடுக்க வேண்டாம்.